புதுப்பித்தலும் புழக்கமும்: மதுரை, திண்டுக்கல் பழங்கட்டடங்களை முன்வைத்து

பயன் இழந்து கிடக்கும் பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் உருவைக் காத்து, வேறொரு பொதுத்தேவைக்குத் திறந்துவிடுவது மறுபயன்பாடு எனப்படும். இச்சொல் தமிழ்நாட்டு நகரங்களுக்குப் புதிது, செயல் புதிதல்ல. மதுரையில் ஓர் அரண்மனை நீதிமன்றமாக இயங்கியது. ஒரு கோடை மாளிகை அருங்காட்சியகமானது. ஒரு வீடு கதர்க்கடையானது. திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. எனவே பழைய கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வியில் திண்டுக்கல்லுக்கு மிக அருகில் உள்ள பாடம் மதுரைதான். மதுரையின் நான்கு கட்டடங்களை மதிப்பிட்டு, அங்கிருந்து திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள பழைய நகரைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்

புதுப்பிக்கப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு புகைப்படங்களைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன: வேலைக்கு முன் ஒன்று, வேலைக்குப் பின் ஒன்று. முதல் படத்தில் ஆலமரக் கன்றும் பாசியும் இருக்கும். இரண்டாம் படத்தில் வெள்ளைச் சுவரும் மின்விளக்கும் இருக்கும். திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் முதல் அங்கே என்ன நடக்கிறது என்பதை இவ்விரு படங்களும் சொல்வதில்லை.

அதைவிட உதவக்கூடிய கேள்விகள் மூன்று. முதலாவது, அத்தெருவில் வாழ்பவர் காரணம் சொல்லாமல், கட்டணம் தராமல், வாரத்தில் எத்தனை நாள் உள்ளே போக முடியும்? இரண்டாவது, ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துச் சென்றபின் கூரை ஒழுகினால் யார் பணத்தில் யார் சரிசெய்வார்? மூன்றாவது, பழுதுபார்த்த பொருள் பழைய சுவரோடு ஒத்துப்போகிறதா? இம்மூன்றுக்கும் விடை உள்ள கட்டடம் நிற்கும். விடை இல்லாதது, எவ்வளவு செலவிட்டாலும், இன்னொரு புதுப்பித்தலுக்காகக் காத்திருக்கும்.

திருமலை நாயக்கர் அரண்மனை: நீதிமன்றமாக வாழ்ந்த காலம்

1636-இல் கட்டப்பட்டதாகக் கூறப்படும் இந்த அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லை. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இங்கிருந்த பொருள்களை எடுத்துச் சென்றார் என்பது வழக்கு. எஞ்சியது சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் அவற்றைச் சார்ந்த சில பகுதிகளும். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்கச் செய்தார். அதற்குக் காரணம் கலைப்பற்று மட்டுமல்ல. நிர்வாகத்துக்குக் கட்டடம் தேவைப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் இங்கே இயங்கியது; 1970 வரை இயங்கியது. திண்டுக்கல், பழனி வட்டங்களின் விவசாயிகள் நிலவழக்குக்காக மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தபோது இந்த அரண்மனைக்குத்தான் வந்தார்கள்.

நீதிமன்றப் பயன்பாடு அரண்மனைக்கு நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு பக்கம் உண்டு. பெரிய அரசவையைத் தடுப்புகளாலும் அலமாரிகளாலும் நிரப்பியது அதன் அழகைக் குறைத்திருக்கும். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு ஒவ்வொரு வேலைநாளும் நூற்றுக்கணக்கானவர் வந்துபோகும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே முறையீடு எழும். அங்கே பராமரிப்பு ஒரு திட்டமாக வரவில்லை. அன்றாடத் தேவையாக வந்தது. நீதிமன்றம் வெளியேறியபின் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறார். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. தூண்களின் பிரம்மாண்டம் இப்போது தடையின்றித் தெரிகிறது. மதுரைக்காரருக்கோ அங்கே போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. வெளியூர் உறவினர் வந்தால் அழைத்துச்செல்லும் இடமாக அது சுருங்கிவிட்டது.

தமுக்கம்: பயன் மாறியும் கதவு மூடாத மாளிகை

ராணி மங்கம்மாளின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தமுக்கம் மாளிகை பல கைகள் மாறிய கட்டடம். நாயக்கர்களுக்குப்பின் ஆர்க்காட்டு நவாபின் பிடியிலும் பின்னர் ஆங்கிலேய அதிகாரிகளின் வசிப்பிடமாகவும் இருந்தது. விடுதலைக்குப்பின் காந்தி நினைவு நிதிக்கு அரசு இதை வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு இதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ஆடையின் பகுதி இங்கே வைக்கப்பட்டுள்ளது.

தமுக்கத்தின் வெற்றி காட்சிப்பொருளில் மட்டும் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. வளாகத்தில் நூலகம் உண்டு. மர நிழல் உண்டு. எதிரே சித்திரைப் பொருட்காட்சி நடந்துவந்த மைதானம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வருகிறார்கள். ஓய்வுபெற்றவர் தனியே வருகிறார். மாளிகைக்கு ஒரு நிறுவனமும் அந்த நிறுவனத்துக்கு ஒரு நோக்கமும் இருப்பதால் பராமரிப்புக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.

குறையும் உண்டு. அருங்காட்சியகம் ஒருமுறை அமைத்தால் நெடுங்காலம் மாறாமல் நிற்கும் இயல்புடையது. பத்து வயதில் பார்த்தவர் முப்பது வயதில் மகளை அழைத்துச்செல்லும்போது அதே பலகைகளைப் பார்க்கிறார். ஊரின் புதிய தேவைகளுக்கு அருங்காட்சியகம் மெதுவாகவே இடம்தரும். எனவே எந்தப் பழைய கட்டடம் கிடைத்தாலும் உடனே அருங்காட்சியகம் என்று அறிவிக்கும் பழக்கம் ஆராயத்தக்கது. தமுக்கத்தில் அது பொருந்தியது. ஒவ்வோர் ஊரிலும் காட்டுவதற்கு அத்தகைய பொருள் இருப்பதில்லை.

மேல மாசி வீதி வீடு: பேசப்படாத முன்மாதிரி

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழு உடையைத் துறந்து இடையில் மட்டும் துணி உடுத்தத் தொடங்கினார். அப்போது அவர் தங்கியிருந்தது மேல மாசி வீதியில் உள்ள ஒரு மாடி வீடு. இன்று அவ்வீட்டின் கீழே கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. மேலே அந்நிகழ்வின் நினைவிடம் இருக்கிறது.

கட்டடக்கலை நூல்களில் இவ்வீட்டுக்குப் பெரிய இடமில்லை. ஆனால் மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் இங்கே கேட்டால் நல்ல விடை கிடைக்கிறது. கடை என்பதால் எவரும் படியேறலாம். துண்டு வாங்க வந்தவர் மாடியையும் பார்த்துவிட்டுப் போகிறார். கடை நடப்பதால் தினமும் கதவு திறக்கிறது, தரை கூட்டப்படுகிறது, ஒழுகல் கண்ணில் படுகிறது. கீழே விற்கும் பொருளுக்கும் மேலே நினைவுகூரப்படும் செயலுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. வீடும் தெருவின் வரிசையைவிட்டு விலகி நிற்கவில்லை. கடைவீதியில் ஒரு கடையாகவே நிற்கிறது. தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் பழைய வீடுகளில் அரண்மனை அளவு கொண்டவை மிகக் குறைவு. ஆகவே அவற்றுக்குத் திருமலை நாயக்கர் அரண்மனையைவிட இந்த மாடி வீடே பொருத்தமான முன்மாதிரி.

புதுமண்டபம்: அழகு மீண்டது, தொழில் பெயர்ந்தது

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் காலத்தில் வசந்த விழாவுக்காகக் கட்டப்பட்ட புதுமண்டபம் நெடுங்காலம் சந்தையாக இருந்தது. சாமிக்கு நேர்ந்து அணியும் உடைகளைத் தைக்கும் தையற்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், பாத்திரம், வளையல், சாந்துப் பொட்டு விற்பவர்கள் எனத் தூண்களின் இடையே நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தன. அழகர் திருவிழாவுக்கு வேடம் தைக்க வேண்டியவர்கள் தேடி வந்த இடம் இது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் அதற்காக வந்தார்கள்.

2018 பிப்ரவரி 2 இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் கடைகள் தீப்பற்றி மண்டபம் சேதமடைந்தது. கல்மண்டபத்தில் கடையும் மின்கம்பியும் சேர்ந்திருப்பதன் ஆபத்தை அந்த இரவு எல்லோருக்கும் காட்டியது. புதுமண்டபக் கடைகளை வேறிடம் மாற்றும் பேச்சு முன்பே இருந்தது. அதன்பின் அது விரைவடைந்தது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் அருகே கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்குக் கடைகள் மாற்றப்பட்டன.

இதை எளிதில் வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்லிவிட முடியாது. தட்டிகளுக்கும் துணிமூட்டைகளுக்கும் பின்னே மறைந்திருந்த சிற்பங்கள் மீண்டும் கண்ணுக்குத் தெரிய வழி பிறந்தது. தீ ஆபத்தும் குறைந்தது. வணிகர்கள் தெருவில் விடப்படவில்லை. அருகிலேயே மாற்றிடம் கிடைத்தது. இவை குறிப்பிடத்தக்க நன்மைகள். ஆனால் சாலையிலிருந்து நேரே மண்டபத்துக்குள் நடந்துசென்று துணி அளவு கொடுக்கும் பழக்கம் அறுந்தது. மண்டபத்தின் வழியே போகிறவர் கடையைக் காண்பதும், கடைக்கு வந்தவர் சிற்பத்தைக் காண்பதுமாக இருந்த கலப்பு இல்லாமல் போயிற்று. கல்லுக்கு இருந்த மதிப்பீட்டு முறை தொழிலுக்கு இல்லை என்பதே இங்குள்ள உண்மையான குறை. எத்தனை சிற்பங்கள், எந்தத் தூணில் எந்த விரிசல் என்று பட்டியலிடத் துறையிடம் முறை உண்டு. அத்தூணின் அடியில் மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் செய்த தையல்வேலையைப் பாரம்பரியமாகப் பதிவுசெய்ய முறை இல்லை. பதிவில் இல்லாததைக் காப்பாற்ற எந்த அலுவலருக்கும் கடமை எழுவதில்லை.

சுண்ணாம்பும் சிமெண்டும்

மூன்றாவது கேள்வி பொருளைப் பற்றியது. இதைப் பொறியாளரின் தனி விஷயம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். புதுப்பித்த பல கட்டடங்கள் சில ஆண்டுகளிலேயே மீண்டும் பாழாவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

பழைய தமிழ்நாட்டுக் கட்டடங்கள் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டவை. சுண்ணாம்புடன் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து அரைப்பது வழக்கம். மாடித்தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறையில் அமையும்: தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் இறுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, தட்டோடு பதிப்பார்கள். இத்தகைய சுவரும் தளமும் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளிவிடும். இதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூத்துச் செங்கல் உதிரும். உத்திரத்தின் முனை உளுக்கும். வெளியே பளபளக்கும் சுவர் உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும்.

சிமெண்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு இறுக நாளாகும். அரைக்க ஆள் வேண்டும். பக்குவம் தெரிந்த கொத்தனார் குறைவு. நிதியாண்டு முடிவதற்குள் செலவுக்கணக்கு காட்ட வேண்டிய ஒப்பந்தம் இந்தக் காலத்தைத் தராது. கட்டடத்துக்கு ஒரு காலமும் கோப்புக்கு வேறொரு காலமும் இருப்பதுதான் இங்கே சிக்கல். விரைவில் முடிக்கப்பட்ட புதுப்பித்தல் பல நேரங்களில் இரண்டாவது சிதைவின் தொடக்கமாகிவிடுகிறது.

திண்டுக்கல்: மலையும் மலையடியும்

திண்டுக்கல் நகரம் பாறைமலையைச் சுற்றி வளர்ந்தது. 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டை அம்மலைமேல் உள்ளது. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார். திப்பு சுல்தான் காலத்தில் ஆங்கிலேயர் 1790-இல் கோட்டையைப் பிடித்தனர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் அவர்கள் வசமாயிற்று. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் நினைவால் பேகம்பூர் என்ற பெயர் வந்தது என்பர். நகராட்சி 1866-இல் உருவானது, 2014-இல் மாநகராட்சியானது.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மேலே படைவீரர் தங்கிய அறைகள், கிடங்குகள், மூலவர் இல்லாத கோயில் ஆகியவை இருக்கின்றன. திருமலை நாயக்கர் அரண்மனையைப் போலவே இதுவும் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம். மலையுச்சியில் படைத்தளத்தின் எச்சமாக நிற்கும் கோட்டைக்கு அது பொருந்தாத நிலை அல்ல. அங்கே அன்றாடப் புழக்கத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல.

கேள்வி மலையடிவாரத்தைப் பற்றியது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபின், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் புதிய கட்டடம் எழுப்ப முடியாது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கோரலாம். தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரை வழியே அது கிடைக்கும்.

நினைவுச்சின்னங்களின் அருகே வாழ்பவர்கள் இச்சட்டத்தைச் சுமையாகவே பேசுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. குடும்பம் பெருகினால் ஓர் அறை கூட்ட முடியவில்லை. ஓடு மாற்றவும் கோப்பு நகர வேண்டும். அனுமதிக்கு அலைவதைவிட வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே குடியேறுவது எளிது என்ற முடிவுக்குச் சிலர் வருவது இயல்பு. பூட்டிய வீட்டை மழை தின்கிறது. அதே சட்டத்தை வேறொரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். இடித்துக் கட்டுவதற்கு வழியில்லாத தெருவில், இருப்பதைப் புதுப்பித்துப் பயன்படுத்துவது ஒன்றே சட்டப்படி திறந்திருக்கும் பாதை. வேறு தெருக்களில் மறுபயன்பாடு விருப்பம். கோட்டையை ஒட்டிய தெருக்களில் அது கட்டாயத்துக்கு அருகில் வருகிறது. தடைச்சட்டம் மட்டும் இருந்து, புதுப்பிக்க உதவும் கையேடோ கடனோ கொத்தனாரோ இல்லாதபோது, பாதுகாப்புச் சட்டமே சிதைவின் காரணமாகிவிடுகிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012-இல் சட்டம் இயற்றப்பட்டபின்னும் அதற்கான ஆணையம் அமையப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற தமிழ்நாட்டின் 11 நகரங்களில் திண்டுக்கல் இல்லை. இதை இழப்பாகக் கருதுவோர் உண்டு. ஒரே தவணையில் பெருந்தொகை வந்து, தெருவெங்கும் ஒரே கல்லும் ஒரே விளக்கும் நட்டுவிட்டுப் போகும் முறையிலிருந்து தப்பிய வாய்ப்பு என்றும் இதைக் கொள்ளலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினால் மட்டுமே.

சமூகக்கூடம் என்பது எது

‘நவீன சமூகக்கூடம்’ என்றதும் திட்ட அறிக்கைகளில் வருவது குளிரூட்டிய அரங்கு, கண்ணாடித் தடுப்பு, ஒலிபெருக்கி, வாகன நிறுத்தம். அத்தகைய அரங்கு வாடகைக்கு விடப்படும். வாடகை தரக்கூடிய நிச்சயதார்த்தமும் காதுகுத்தும் அங்கே நடக்கும். மற்ற நாள்களில் காவலாளி கதவருகே அமர்ந்திருப்பார். கட்டடம் காக்கப்பட்டிருக்கும், தெருக்காரருக்கு அது அயலாகியிருக்கும்.

தமிழ் ஊர்களில் சமூகக்கூடங்கள் வேறு பெயர்களில் இருந்தன. வழிப்போக்கர் அமரும் திண்ணை, செய்தித்தாளை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட படிப்பகம், தொழிற்சங்கத்தின் ஒற்றை அறை, பள்ளிவாசலையும் கோயிலையும் ஒட்டிய மண்டபம். இவற்றின் பொதுத்தன்மை இரண்டு: உள்ளே போக எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, போய் என்ன செய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. புதுப்பிக்கப்படும் கட்டடம் ‘நவீனம்’ ஆவது குளிரூட்டியால் அல்ல. பழைய படிப்பகத்துக்குள் வர முடியாதிருந்தவர்கள், குறிப்பாகப் பெண்களும் சக்கரநாற்காலியில் வருபவர்களும், இப்போது வர முடிகிறதா என்பதே அதன் நவீனத்துக்கு அளவு. சுத்தமான கழிப்பறையும் சாய்தளமும் இருட்டியபின் தெருவிளக்கும் அரங்கின் அலங்காரத்துக்கு முன்னால் வர வேண்டியவை.

பராமரிப்புப் பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. ரூபாய்க்குப் பத்து காசு. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். வாடகைக் கட்டடங்களில் இயங்கும் கிளை நூலகங்கள் தமிழ்நாட்டில் பல உள்ளன. போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக நகராட்சிகள்தோறும் அமைந்த அறிவுசார் மையங்கள் பெரும்பாலும் புதிய கட்டடங்கள். பழைய நகரின் உறுதியான ஒரு வீட்டில் கிளை நூலகமோ வாசிப்பறையோ அமைந்தால் தினமும் திறக்கும் கதவு, சம்பளம் பெறும் ஊழியர், சட்டத்தால் வரும் நிதி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். முன்கட்டில் வாசிப்பறை, பின்கட்டில் மகளிர் குழுக்களின் கூட்டம், தெருவை ஒட்டிய அறையில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு கடையும் பழுதுபார்க்கும் பட்டறையும் என்று அமைத்தால் அது மேல மாசி வீதி வீட்டின் வழியைப் பின்பற்றுவதாகும். வாடகை சிறிது வரும். தொழில் கண்ணில் படும்.

மதிப்பீடு

இவ்வழிக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. தனியார் வீட்டின் உரிமை பல வாரிசுகளிடம் பிரிந்து கிடக்கும். ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் வேலை நிற்கும். பழைய வீட்டின் படியையும் நிலையையும் மாற்றுத்திறனாளிக்கு ஏற்றவாறு மாற்றினால் பழைமை குறையும். ஒரு வீடு அழகானால் தெருவின் வாடகை உயர்ந்து, அத்தெருவின் சிறுதொழிலாளர் வெளியேற நேரலாம். இம்மூன்றில் கடைசியே கவனமாகப் பார்க்க வேண்டியது. பழைய நகரில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்து தொழில் செய்பவர்களால்தான் அங்குள்ள பல கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அவர்களை அகற்றிவிட்டுச் செய்யப்படும் புதுப்பித்தல் தன்னைத் தாங்கிய தூணையே எடுத்துவிடுகிறது. அதைத் தடுக்க ஒரே ஒரு விதியையேனும் திட்டத்தில் முதலில் எழுதலாம்: வேலை தொடங்கும் நாளில் அங்கே தொழில் செய்தவருக்கு, வேலை முடிந்தபின் அதே இடத்தில், ஒப்புக்கொண்ட வாடகையில் முதல் உரிமை.

மதுரையின் நான்கு கட்டடங்களும் நான்கு வகை. அரண்மனை புழக்கத்தால் பிழைத்து, இப்போது காட்சியாக நிற்கிறது. தமுக்கம் ஒரு நிறுவனத்தால் நிற்கிறது. புதுமண்டபம் கல்லுக்கு நியாயம் செய்து தொழிலைப் பெயர்த்தது. மேல மாசி வீதி வீடு கடையாக இருந்துகொண்டே நினைவிடமாகவும் இருக்கிறது. திண்டுக்கல் மலையடிவாரத்துக்கு முதல் மூன்றும் எச்சரிக்கையோடு கற்க வேண்டியவை; நான்காவது அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது. அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சுண்ணாம்பு தெரிந்த நான்கு கொத்தனாரும், விரைவில் அனுமதி தரும் ஓர் அலுவலகமும், காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் கதவைத் திறக்கும் ஓர் ஊழியரும் போதும். இவற்றில் கிடைக்க அரிதானது மூன்றாமவர்தான்; புதுப்பித்தலுக்கான எந்த மதிப்பீட்டுத் தாளிலும் அவருக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை.